கோயிலுக்கு ஏன் வரணும்? என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க சபை கோத்தகிரி பக்கம், அறுபது குடும்பத்துக்குள்ளதான் இருக்கும். இருபத்திரெண்டு வருஷமா சண்டே கிளாஸ் எடுக்குறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்துலயும் இருக்கேன். என் கிளாஸ்ல படிச்ச பசங்க பாதிப்பேர் இப்ப திருப்பூர், கோயமுத்தூர், பெங்களூர்னு வேலையில இருக்காங்க, கிறிஸ்துமஸுக்கு வந்தா கேக்குறாங்க, நடுராத்திரி வாட்ஸப்புல கேக்குறாங்க, பெரியவங்களும் பஸ் ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சு கேக்குறாங்க. சுத்திச் சுத்தி அதே சந்தேகம்தான். அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்விய போட்டு எனக்குத் தெரிஞ்ச பதில எழுதிட்டேன். நாங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அதனால ஐயர் (போதகர்), சந்தா (சபைக்குக் கட்டுற பணம்), சேகரம் (ஒரு ஐயர் பாக்குற சபைகள்)னு எங்க பேச்சுதான் வரும், ஆர்.சி. காரங்க ஃபாதர், பங்கு, அன்பியம்னு மாத்திப் படிச்சுக்கோங்க.

டீச்சர், இயேசப்பாவ நம்புனா போதாதா? கோயிலுக்கு வந்தாத்தான் ரட்சிப்பா?

கட்டடம் யாரையும் ரட்சிக்காது, அதுல எனக்கு ரெண்டு பேச்சே கிடையாது. ஆனா நீங்க நம்புற அந்த இயேசு எப்படி வாழ்ந்தார்னு பாருங்க. லூக்கா 4:16-ல ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துக்குப் போறது அவரோட வழக்கம்னு போட்டிருக்கு. எந்த ஜெப ஆலயம்? நாசரேத்து. அதே அதிகாரம் 29-ஆம் வசனத்துக்கு வந்தீங்கன்னா அதே ஆளுங்க அவர மலை உச்சியில இருந்து தள்ளிவிடப் பாக்குறாங்க. சின்ன வயசுல இருந்து அவங்க நடுவுலதான் வாரா வாரம் உக்காந்திருந்தார், அவங்க மனசு எப்படிப்பட்டதுன்னு தெரியாமலா போனார்?

இன்னொண்ணு, பவுல் எழுதுன கடிதத்துல முக்காவாசி ஒரு ஊர்ல கூடுற சபைக்கு எழுதுனது, ஒருத்தர் பாரத்த ஒருத்தர் சுமங்க, ஒருத்தர ஒருத்தர் மன்னிங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் புத்தி சொல்லுங்கன்னு வந்துகிட்டே இருக்கும். தனியா ரூம்ல உக்காந்து இதுல எத செய்ய முடியும்? நம்ம மலையிலயே பாருங்க, பாசல் மிஷன்காரங்க 1846-ல கேத்தியில வேலை ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் இந்த மலை ஜனங்களான படுகர்ல முதல்ல ஞானஸ்நானம் எடுத்தவங்கள அவங்க ஹட்டியிலயே (படுகர் கிராமம்) ஒதுக்கி வெச்சாங்க. நல்லது கெட்டதுக்கு எட்டிப் பாக்க ஆள் இல்லாத அந்த குடும்பங்களுக்கு சபைதான் ஊரு, சபைதான் சொந்தம். அவங்ககிட்ட போயி சபை அவசியமான்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

"ரெண்டு மூணு பேர் என் நாமத்துல கூடுனா அங்க இருப்பேன்"னு சொல்லிருக்காரே. எங்க வீட்டுல நாலு பேர் இருக்கோமே?

குடும்ப ஜெபம் ரொம்ப நல்லது, விடாதீங்க. ஆனா அந்த வசனத்த மட்டும் பிச்சு எடுக்காம மத்தேயு 18-ஆம் அதிகாரத்த 15-ல இருந்து வாசிங்க. ஒரு சகோதரன் உனக்குத் தப்பு செஞ்சா முதல்ல தனியா போயி பேசு, கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேர கூட்டிட்டு போ, அப்பவும் கேக்கலன்னா சபைக்குச் சொல்லுன்னு வருது. அதுக்குப் பின்னாடிதான் 20-ஆம் வசனத்துல இந்த ரெண்டு மூணு பேர். சபைக்குள்ள மனஸ்தாபம் வந்தா எப்படி சரி பண்றதுன்னு சொல்ற இடம் அது. சபை வேண்டாம்னு சொல்றதுக்கு அந்த வசனத்த எடுக்குறவங்க மூணு வசனத்துக்கு முன்னாடியே சபைங்கிற வார்த்தை நிக்கிறத பாக்கல.

வீட்டுல இருக்குற நாலு பேரும் உங்க ரத்தம். உங்களுக்குப் பிடிக்காத மனுஷன் ஒருத்தன், நீங்க போகாத வீட்டுக்காரங்க, உங்க பேச்சு புரியாத ஒரு பாட்டி, இவங்களும் அதே அப்பத்துல கை வைக்கிற இடம்தான் சபை.

யூடியூப்ல சூப்பரா மெசேஜ் கேக்குறேன். நம்ம கோயில்ல பிரசங்கம்னா தூக்கம் வருது. என்ன தப்பு?

மெசேஜ் கேக்குறது தப்பே இல்ல, நானும் சமைக்கிறப்ப கேப்பேன். 2020 மார்ச்சுல கோயில பூட்டுனப்ப எங்களுக்கும் போன்தான் கதி, செப்டம்பர் 1-ல திறக்குற வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு. பாட்டு வந்துச்சு, பிரசங்கம் வந்துச்சு, காணிக்கைய கூட ஜிபேல போட்டோம். ஆனா யார் வரலங்குறது மட்டும் யாருக்கும் தெரியல.

இத நான் சும்மா சொல்லல. தோட்டத்து லைன் வீட்டுல தனியா இருக்குற ஒரு பாட்டி எங்க சபையில உண்டு, இடது பக்கம் மூணாவது பெஞ்சு, சுவர் ஓரம், மழையோ பனியோ அவங்க இடம் அதுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ஞாயிறு அந்த இடம் காலியா இருந்துச்சு. ஆராதனை முடிஞ்ச கையோட ரெண்டு பேர் கீழ இறங்கிப் போயி கதவ தட்டுனா சத்தமே இல்ல, பின்பக்கமா போயி பாத்தா சனிக்கிழமை சாயங்காலமே விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ராத்திரி பூரா அந்தக் குளிர்ல தரையில கிடந்திருக்காங்க. இன்னைக்கு உயிரோட இருக்காங்க. நீங்க பாக்குற வீடியோவுக்கு பத்து லட்சம் வியூஸ் இருக்கட்டும், நீங்க ஒரு வாரம் பாக்கலன்னா யாரு வந்து கதவ தட்டுவாங்க?

பிரசங்கம் பத்தி ஒண்ணு. மலையில ஒரு ஐயருக்கு நாலஞ்சு கோயில் இருக்கும், சனிக்கிழமை ஒரு அடக்கம், ராத்திரி ஒரு வீட்டு ஜெபம், காலையில முதல் பஸ்ஸ புடிச்சு மூணு இடத்துல ஆராதனை. புதன்கிழமையே போன் பண்ணி, ஐயா இந்த வாரம் எந்தப் பகுதி, எனக்கு அதுல இந்த சந்தேகம் இருக்குன்னு கேட்டுப் பாருங்க. நான் கேட்டிருக்கேன். அந்த ஞாயிறு பிரசங்கமே வேற மாதிரி இருந்துச்சு.

எனக்கு ஹோட்டல்ல வேலை. ஏப்ரல், மே சீசன்ல ஞாயித்துக்கிழமை லீவே கிடையாது. நான் என்ன பண்ண?

குற்ற உணர்ச்சியோட திரியாதீங்க. ஞாயித்துக்கிழமை லீவுங்கிறது ரோம ராஜ்யத்துல கி.பி. 321-ல கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி காலத்துலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் கிறிஸ்தவங்களுக்கு அது வேலை நாள், நிறைய பேர் அடிமைங்க, முதலாளிகிட்ட லீவு கேக்கவே முடியாது. கி.பி. 112 வாக்குல பிளினிங்கிற ரோம கவர்னர் சக்கரவர்த்திக்கு எழுதுன கடிதத்துல, இவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியுறதுக்கு முன்னாடி கூடிப் பாடுறாங்கன்னு எழுதிருக்கார். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இருட்டோட எந்திரிச்சு கூடிருக்காங்க.

எங்க சபையில சீசன் ரெண்டு மாசத்துக்கும் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுல கூடுறோம், டிரைவர், ரூம் பாய், சமையல்காரர்னு ஏழெட்டு பேர் வருவாங்க. உங்க சபையில அப்படி இல்லன்னா நீங்களே கேளுங்க, ஐயரும் கமிட்டியும் செஞ்சுதான் தரணும்.

முட்டி வலி, மேடு ஏற முடியல. மூணு வருஷமா வீட்டுலதான். நான் சபையில இருக்கேனா இல்லையா?

இருக்கீங்க அம்மா. உங்ககிட்ட கேள்வியே இல்ல, எங்ககிட்டதான் கேள்வி. கி.பி. 150-க்கு அப்புறம் ரோமாபுரியில ஜஸ்டின்னு ஒரு கிறிஸ்தவர் அவங்க ஆராதனை எப்படி நடக்கும்னு எழுதி வெச்சிருக்கார், அதுல திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் வந்தவங்களுக்கு கொடுத்துட்டு வர முடியாதவங்க வீட்டுக்கு உதவிக்காரங்க கையில கொடுத்தனுப்புவாங்கன்னு இருக்கு. அவ்ளோ பழைய பழக்கம். யாக்கோபு 5:14-ம் வியாதிக்காரன் மூப்பர்கள வரவழைக்கட்டும்னுதான் சொல்லுது, எந்திரிச்சு வரச் சொல்லல. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது உங்க வீட்டுக்கு திருவிருந்து வரலன்னா கூச்சப்படாம போன் பண்ணி கேளுங்க.

பெங்களூர்ல இருக்கேன், மெம்பர்ஷிப் ஊர்லயே இருக்கட்டும், வர்றப்ப வந்துக்கறேன். போதும்ல?

வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற எடத்துல உன்ன யாரு பாப்பா தம்பி? உனக்குக் காய்ச்சல்னா இங்க இருந்து நாங்க ரசம் கொண்டு வர முடியுமா?

எங்க அப்பா அம்மா சிலோன்ல ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருந்தவங்க. தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்புறதுக்குப் போட்ட 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல கிடந்து, கடைசியில டான்டீங்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல வேலைன்னு இந்த மலைக்கு வந்தாங்க. ட்ரங்குப் பெட்டியில பாஸ்போர்ட்டோட சேத்து அப்பா பத்திரமா வெச்சிருந்த இன்னொரு பேப்பர், அந்த தோட்டத்துக் கோயில் ஐயர் எழுதிக் கொடுத்த மெம்பர்ஷிப் லெட்டர். இங்க வந்த முதல் ஞாயிறே அத ஐயர்கிட்ட நீட்டிருக்கார். அன்னைக்கு மத்தியானம் யாரோ ஒரு வீட்டுல இருந்து சோறும், ரெண்டு கம்பளியும் வந்துச்சுன்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. யாருன்னே தெரியாத ஊர்ல இவங்க எங்க ஆளுன்னு சொல்ல ஒரு காகிதம் இருந்துச்சு.

அதனால ஐயர்கிட்ட லெட்டர் வாங்கிக்கோ, இருக்குற ஊர்ல நடந்தோ ஒரே பஸ்ஸுலயோ போற தூரத்துல ஒரு சபைய புடி. பெரிய கோயில்னா கடைசி பெஞ்சுல உக்காந்து ஓடியாந்துடாத, வாலிபர் கூட்டத்துலயோ கொயர்லயோ போயி பேர கொடு. கோயில்ல கல்யாண ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கிறதுக்கு மட்டும் ஊர் சபைய தேடுற புள்ளைங்கள நான் நிறைய பாத்துட்டேன், மனசு கஷ்டமா இருக்கு.

சந்தா ரெண்டு வருஷம் பாக்கி. அதான் வர கூச்சமா இருக்கு.

இத கேட்டவங்க எத்தன பேர்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பச்சத் தேயிலைக்கு விலை இல்லாத மாசத்துல சிறு விவசாயி எதக் கொண்டு வந்து கட்டுவான்? டிரெஷரர்கிட்ட தனியா சொல்லுங்க, முடிஞ்சப்ப முடிஞ்சத கட்டுங்க. பாக்கி இருந்தா ஓட்டு லிஸ்ட்டுல பேர் வராம போகலாம், அது வேற கணக்கு. ஆராதனைக்கு வர்றதுக்கும் ஜெபம் கேக்குறதுக்கும் ரசீது வேணும்னு எந்த வேதத்துலயும் இல்ல. கமிட்டியில இருக்குறவங்க இத வாசிச்சா ஒண்ணு கேக்குறேன், பாக்கி லிஸ்ட்ட நோட்டீஸ் போர்டுல ஒட்டாதீங்க. அது ஒட்டுன வாரத்துல இருந்து வராம போன மூணு வீடு எனக்குத் தெரியும்.

கோயிலுக்கு வர்றவங்கதான் பெரிய மாய்மாலக்காரங்க. எலெக்ஷன் வந்தா அடிச்சுக்குறாங்க. இவங்களோட எப்படி உக்காரது?

நீங்க பாத்தது நிஜம், நான் மறைக்கல. கமிட்டி எலெக்ஷன் நேரத்துல அண்ணன் தம்பி பேசாம போறத நானும் பாத்திருக்கேன். ஆனா ஆதி சபைய நெனச்சு ஏங்குறவங்க அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தோட நிறுத்திடுறாங்க. 6-ஆம் அதிகாரத்துலயே கிரேக்க பாஷை பேசுற விதவைகளுக்கு சாப்பாட்டுப் பந்தியில கவனிப்பு இல்லன்னு முறுமுறுப்பு வந்துடுச்சு. அப்ப என்ன செஞ்சாங்க? ஏழு பேர தெரிஞ்செடுத்தாங்க, அந்த ஏழு பேரோட பேரப் பாத்தா அத்தனையும் கிரேக்கப் பேரு, யாரு குறை சொன்னாங்களோ அவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்ப கொடுத்தாங்க. எலெக்ஷன் நடத்துறவங்க இந்த ஒரு அதிகாரத்த வாசிச்சுட்டு ஆரம்பிச்சா போதும்.

நீங்க வெறுத்துப் போயி ஒதுங்குனா நல்லவங்க ஒரு ஆள் குறைஞ்சதுதான் மிச்சம், சண்டை போடுறவங்க ஒதுங்கப் போறதில்ல. கணக்குப் பாக்கத் தெரியும்னா கணக்கு ஆடிட்டுக்கு நில்லுங்க. அது பிடிக்கலயா, கமிட்டி பக்கமே போகாதீங்க, சண்டே கிளாஸுக்கு வாங்க, பன்னெண்டு பிள்ளைங்களுக்கு நான் ஒரே ஆள்.

சபையில ஒருத்தர் எல்லார் முன்னாடியும் எங்க குடும்பத்த அவமானப்படுத்திட்டார். அவர் இருக்குற எடத்துக்கு நான் ஏன் வரணும்?

வலி பெருசுங்க, உடனே வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டாவது கேள்வியில சொன்ன அந்த மத்தேயு 18 வழி இதுக்குத்தான். முதல் படி தனியா பேசுறது. நம்ம ஊர்ல நடக்குறது தலைகீழா இருக்கு, முதல்ல ஊர் பூரா சொல்லுவோம், கடைசியா அந்த ஆளுக்குத் தெரியும்.

எனக்கும் நடந்துச்சு. கிறிஸ்துமஸ் புரோக்ராம் காசுல நான் கை வெச்சேன்னு ஒருத்தங்க பேசிட்டாங்க. நாலு மாசம் நான் போகல, வீட்டுலயே உக்காந்து அழுதேன். அப்புறம் ஒரு அக்கா என்ன கூட்டிட்டு அவங்க வீட்டுக்கே போனாங்க, கணக்கு நோட்டையும் எடுத்துக்கிட்டோம், டீ கூட குடிக்கல, ஒரு மணி நேரம் பக்கம் பக்கமா காட்டுனேன். அவங்க மன்னிப்பு கேக்கல. ஆனா அடுத்த வாரம் கமிட்டியில அந்தப் பேச்ச அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. இப்பவும் நாங்க நெருக்கம் கிடையாது, ஆராதனையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்ற நேரத்துல கை கும்பிடுறோம். பிலிப்பியில எயோதியாள், சிந்திகேயாள்னு ரெண்டு பொம்பளைங்களுக்குள்ள ஆகாம போனப்ப பவுல் அவங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு விடல, இவங்களுக்கு உதவி பண்ணுன்னு கூட இருந்த ஒருத்தரயும் கேட்டுக்கிட்டார். உங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும், அந்த ஆள தேடுங்க, இல்ல எனக்குச் சொல்லுங்க.

எங்க சபையில ஜாதி பாக்குறாங்க. அங்க இருக்குறதே பாவம் மாதிரி தோணுது.

பாவம்தான், பாக்குறவங்களுக்கு. இத குடும்ப விஷயம், சமாளிச்சுப் போங்கன்னு சொல்ற பெரியவங்க பேச்ச நான் ஒத்துக்க மாட்டேன். கலாத்தியர் 2-ல பேதுரு புறஜாதிக்காரங்களோட சாப்பிட்டுக்கிட்டு இருந்துட்டு, எருசலேம்ல இருந்து ஆள் வந்ததும் பந்திய விட்டு விலகிடுறார். பவுல் அத தனியா சொல்லல, எல்லாருக்கும் முன்னாடி முகத்துக்கு நேரா கேட்டார். ஏன்னா அது சுவிசேஷத்தையே மாத்துற விஷயம். 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகள்ல ஜாதி வித்தியாசத்த உடனே, முழுசா விடணும்னு எழுதுனார், அத ஏத்துக்க முடியாம தஞ்சாவூர், வேப்பேரி பக்கம் நிறைய பேர் சபைய விட்டுப் போனாங்க. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப் போகுது, இன்னும் கல்யாணப் பேச்சுலயும் கல்லறையிலயும் கமிட்டி பேனல்லயும் அது உயிரோட இருக்கு.

இருந்து எதிர்த்துக் கேக்க உங்களுக்கு பலம் இருந்தா இருங்க, உங்களோட நாலு பேர் நிப்பாங்க. பலம் இல்லன்னா உங்கள மனுஷனா நடத்துற சபைக்குப் போங்க, அத நான் ஓடிப்போறதுன்னு சொல்ல மாட்டேன். அவமானத்த சகிச்சுக்கிட்டு உக்காருன்னு உங்ககிட்ட சொல்ற உரிமை எனக்கோ வேற யாருக்குமோ கிடையாது.

பிள்ளைங்ககிட்ட ஒருத்தர் தப்பா நடந்துக்குறார்னு தெரிஞ்சா? அப்பவும் "சபைக்குள்ள பேசி" முடிக்கணுமா?

கூடாது. மத்தேயு 18 இதுக்கு இல்ல. அது ஒருத்தருக்கொருத்தர் வர்ற மனஸ்தாபத்துக்கு, இது குற்றம். பிள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்குற 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போடலாம். சபை பேரு கெட்டுடும்னு யாராவது தடுத்தா அவங்க பேச்ச கேக்காதீங்க. பிள்ளைய அந்த இடத்துல இருந்து கூட்டிட்டுப் போயிடுங்க, அப்புறமா வேற சபையில, மெதுவா.

அப்ப பிடிக்கலன்னா சபை மாறிக்கலாம்னு சொல்றீங்களா? பக்கத்து சபையில மியூசிக் செமயா இருக்கு.

மேல ரெண்டு கேள்வியில சொன்ன காரணமும் இதுவும் ஒண்ணா? கிட்டாருக்காகப் போறவங்க அதவிட நல்ல கிட்டார் வந்தா அங்கயிருந்தும் போவாங்க. வேத உபதேசத்துல மனசாட்சிப்படி மாறுறீங்கன்னா ஐயர்கிட்ட சொல்லிட்டு, ஜெபத்தோட, நேரா போங்க. பாட்டு நல்லா இல்லங்குறதுதான் குறைன்னா, வாசிக்கத் தெரிஞ்ச நீங்க நம்ம கொயர்ல வந்து நிக்கலாமே.

டீச்சர், நான் நம்புறேனான்னே எனக்குத் தெரியல. ஜெபம் வர மாட்டேங்குது. வந்து உக்காந்தா நடிக்கிற மாதிரி இருக்கு.

இந்தக் கேள்விய ஒரு தம்பி போன்ல கேட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான். நானும் உடனே பதில் சொல்லல.

யோவான் 20-ல உயிர்த்தெழுந்த அன்னைக்கு சாயங்காலம் இயேசு சீஷர்களுக்கு நடுவுல வந்து நிக்கிறார், தோமா மட்டும் அங்க இல்ல. ஏன் இல்லன்னு எழுதல. மத்தவங்க சொன்னப்ப நான் நம்பவே மாட்டேன்னு பட்டுனு சொல்லிட்டான். எனக்கு எப்பவும் பெருசா படுறது அதுக்கு அடுத்த வசனம், எட்டு நாள் கழிச்சு தோமாவும் அவங்களோட இருந்தான்னு வருது. நம்பாமலே வந்து உக்காந்திருக்கான். மத்த பத்து பேரும் நீ நம்பல, வெளிய போன்னு சொல்லல. அந்த எட்டு நாளும் அவன் நடிச்சானா? இல்லையே, நம்பலன்னு வாய் திறந்து சொல்லிட்டுதான் கூட இருந்தான்.

என் தம்பி தவறுனப்ப எட்டு மாசம் எனக்கு ஒரு பாட்டு வாயில வரல, விசுவாசப் பிரமாணம் சொல்றப்ப எல்லாரும் எந்திரிச்சா நானும் எந்திரிச்சு நிப்பேன், உதடு அசையாது. பக்கத்துல உக்காருற அக்கா ஒரு வார்த்தை கேக்கல. பாட்டுப் புஸ்தகத்த ரெண்டு பேருக்கும் நடுவுல புடிச்சுக்கிட்டு, என் பக்கம் கொஞ்சம் சாய்ச்சு வெச்சு, அவங்க பாடுவாங்க, பக்கம் திருப்புவாங்க, எனக்கும் சேத்து. ஒம்பதாவது மாசம் ஒரு ஞாயிறு ரெண்டாவது சரணத்துல நானே அறியாம பாடிட்டு இருந்தேன், அப்பவும் அவங்க திரும்பிப் பாக்கல, அடுத்த பக்கத்த திருப்பிட்டாங்க.

தம்பி, நீ ஊருக்கு வர்ற வாரம் சொல்லு. கடைசியில இருந்து ரெண்டாவது பெஞ்சு, ஜன்னல் பக்கம், எனக்கு பக்கத்துல இடம் இருக்கு. பாட வேண்டாம்.